இந்த வருஷம் எந்தக் கரை?

அத்தியாயம் 4

இப்போதெல்லாம் துப்பறியச் சொல்லி வருகிறவர்களுக்குத் துப்பு வேண்டியதில்லை. ஆளின் பெயரைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். இவன்தான் பண்ணினான், நீ போய்க் கண்டுபிடி என்கிறார்கள். தைத்து முடித்த சட்டையைக் கொடுத்துவிட்டு இதற்கு அளவெடு என்று தையல்காரனிடம் சொல்வது போல. முன்பெல்லாம் மனிதனுக்குச் சந்தேகம் என்று ஒன்று இருந்தது. தூக்கத்தைக் கெடுத்தது. இன்றைக்கு அது ஒருவனுக்கும் கிடையாது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள்.

மேட்டுவயல்காரரும் அப்படித்தான் காலையில் வந்தார். மெத்தைக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் படியேறி, மூச்சு வாங்குவது நிற்பதற்குள் பெயரைச் சொல்லிவிட்டார்.

"கீழ்வயல்காரன். வேற யாரும் கிடையாது. இன்னைக்கு மத்தியானம் விசாரணை. அதுக்குள்ள அவன்தான்னு நீங்க நிரூபிக்கணும்."

"நிரூபிக்கணுமா, கண்டுபிடிக்கணுமா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எங்க மாமாவுக்கு ரெண்டாவதுதான் வரும் சார்" என்றார் என் உதவியாளர். "முதலாவதுக்கு வக்கீல்கிட்ட போகணும்."

உதவியாளர் என்பது என் மகளின் கணவர். மூன்று இடத்தில் வேலை பார்த்து மூன்றிலும் வாயால் கெட்டவர். மகள் அழுதுகொண்டு வந்து நின்றதால் சேர்த்துக்கொண்டேன். மாப்பிள்ளை என்பதால் திட்டினாலும் வாங்க, போங்க என்றுதான் திட்ட வேண்டியிருக்கிறது. பாதிக் கோபம் மரியாதையிலேயே செலவாகிவிடுகிறது.

விவகாரம் இதுதான். மேட்டுவயல்காரரின் வாய்க்கால் ஓடையிலிருந்து பிரிகிறது. ஓடைக் கரையில் நாணல் மண்டினால் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது. நாணலை வெட்டி, சேற்றை வாரிப் போட வேண்டும். ஆனால் ஓடை உயிர்கள் குட்டி போடும் மாதங்களில் கரையில் அரிவாளோ மண்வெட்டியோ படக்கூடாது என்பது சட்டம். போன ஞாயிற்றுக்கிழமை, மேட்டுவயல்காரர் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், யாரோ அவர் மதகுக்குப் பக்கத்தில் இடது கரையை வெட்டித் தூர் வாரிவிட்டார்கள். அதற்குள் நீர்நாயின் வளை இருந்தது. இரண்டு குட்டிகள் செத்துப்போயின. மதகு அவருடையது என்பதால் வழக்கும் அவர் பேரில். குற்றம் உறுதியானால் இந்தப் பருவம் முழுக்க வாய்க்காலை மூடிவிடுவார்கள். சோளம் கதிர் பால் பிடிக்கும் நேரம். பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

"என் வாய்க்காலை மூட வெச்சான் இல்ல? அவன் மோட்டாரைப் பிடுங்கி ஓடையில எறிய வைக்கிறேன்" என்றார். தன் சோளத்தைப் பற்றி இரண்டு வார்த்தைதான் பேசினார். கீழ்வயல்காரர் அழிய வேண்டியதைப் பற்றிக் கார் ஓடைக்கு வந்து சேரும் வரை பேசினார்.

நான் யாரையும் நம்புவதில்லை. என்னைத் தேடி வருகிறவரை முதலில் நம்புவதில்லை.

ஓடையில் ஓடைக் காவலர் காத்திருந்தார். ஓடையையும் அதிலுள்ள உயிர்களையும் பார்த்துக்கொள்ள அரசாங்கம் போட்டிருக்கும் ஆள். வழக்குப் போட்டதும் அவர்தான். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. அவர் தன் பெயரைச் சொல்வதற்குள் மாப்பிள்ளை அவருக்குப் 'பைனாகுலர்' என்று பெயர் வைத்து முடித்துவிட்டார்.

"நாணலை விட்டா தண்ணி வராது, வெட்டினா வழக்கு" என்று மேட்டுவயல்காரர் அவர்மேல் பாய்ந்தார். "நான் சோளம் போடணுமா, நீர்நாய்க்குத் தொட்டில் கட்டணுமா?"

"வெட்டக்கூடாதுன்னு யாருங்க சொன்னது? குட்டி போடுற மாசம் கழியட்டும். ஒரு வருஷத்துக்கு ஒரு கரையை மட்டும் வெட்டுங்க. அந்தப் பக்கம் போனா அதுங்களுக்கு இந்தப் பக்கமாவது இருக்கும்."

"எனக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால் இருவரையும் விட்டுவிட்டுக் கரையில் இறங்கினேன்.

வெட்டிய இடம் கண்ணில் அறைந்தது. இடது கரையில் நாணலே இல்லை. எதிரே வலது கரையில் ஆள் உயரத்துக்கு அப்படியே நின்றது, ஒரு தாள்கூடக் குறையாமல். வாரிய சேறு தண்ணீரை ஒட்டி, தண்ணீர்ப் பக்கம் சரிவாக, கையால் தடவிவிட்டது போலப் படுத்திருந்தது. சேற்றின் மேல் நத்தைகள் ஊர்ந்த கோடுகள். எல்லாக் கோடுகளும் ஓடையை நோக்கியே போயிருந்தன.

"இது எதுக்கு இப்படிச் சரிவா இருக்கு?" என்றேன்.

காவலர் குனிந்து பார்த்தார். இத்தனை நாளாக அவர் செத்த குட்டிகளைத்தான் பார்த்திருக்கிறார், சேற்றைப் பார்க்கவில்லை. "இப்படித்தான் போடணும் சார். வாரின சேத்துல நத்தை, மட்டி, தலைப்பிரட்டை எல்லாம் கிடக்கும். ஒரு நாள் கரையோரம் விட்டா அதுங்களா தண்ணிக்குத் திரும்பிடும். எவ்வளவோ சொல்லியும் யாரும் கேட்க மாட்டாங்க."

கொஞ்சம் தள்ளி மேட்டுவயல்காரர் போன வருஷம் வாரிய சேறு கிடந்தது. வரப்பின் உச்சியில் வீசி எறிந்து, காய்ந்து, பாளம் பாளமாக. உள்ளே மட்டி ஓடுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"பாருங்க, அதுதான் என் கைவேலை" என்றார் மேட்டுவயல்காரர், முதல் தடவையாகத் தன் குற்றத்தை ஆசையோடு காட்டி. "இது வேற கை. எழுதிக்கோங்க."

"மாமா, இவன் விசித்திரமான திருடன்" என்றார் மாப்பிள்ளை. "வீட்டைக் கொள்ளையடிச்சான். போகும்போது பெருக்கித் துடைச்சு, பூனைக்குப் பாலும் வெச்சிட்டுப் போயிருக்கான்."

"சட்டத்தை உடைச்சவன் சட்டத்தைக் கடைப்பிடிச்சிருக்கான்" என்றேன். "ஏன் தம்பி, ஊர்ல இப்படிச் செய்யத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தானே? ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீங்க?"

காவலர் சட்டென்று நிமிர்ந்தார். "சார், நானா? நான் வெட்டியிருந்தா வலது கரையைத்தானே வெட்டியிருப்பேன்?"

"ஏன் வலது?"

"முறைப்படி இந்த வருஷம் இடது கரைதான். ஆனா அங்க நீர்நாய் குடி வந்திடுச்சு. அதனால இந்த வருஷம் குட்டி மாசம் கழிஞ்சாலும் வலது கரைதான், இடது பக்கம் கால்கூட வைக்காதீங்கன்னு தண்ணிப் பங்கு கூட்டத்துல நின்னு கத்தினேன். கீழ்வயல்காரர் சண்டைக்கே வந்தார், அவர் மோட்டார் குழாய் வலது பக்கம் இருக்குன்னு."

"பார்த்தீங்களா" என்றார் மேட்டுவயல்காரர். "வளை இருக்கிறது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே பண்ணியிருக்கான்."

எனக்கு அது நேர் மாறாகப் பட்டது. குட்டிகள் இருப்பது தெரிந்து அந்த இடத்தில் மண்வெட்டியை இறக்குகிறவன், நத்தை திரும்பிப் போகச் சரிவு அமைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். வெட்டிய ஆளுக்கு வளை இருந்தது தெரியாது. ஆனால் சேற்றை எப்படிப் போடுவது என்று தெரியும். இந்த வருஷம் முறைப்படி இடது கரை என்பதும் தெரியும். முறை மாறியது மட்டும் தெரியாது.

நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேட்டுவயல்காரரை விசாரணை அலுவலகத்துக்குப் போய் உட்காரச் சொல்லி அனுப்பினேன். அவர் வரப்பைத் தாண்டி மறைந்ததும் காவலரிடம் திரும்பினேன்.

"கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவீங்க?"

"பங்கு இருக்கிற எல்லாரையும். ஒருத்தர் விடாம வந்திருந்தாங்க."

"முன்னாடி பங்கு இருந்து, இப்ப இல்லாதவங்க?"

அவர் யோசித்தார். "ஒருத்தர்தான். மேட்டுவயல்காரரோட அண்ணி. அண்ணன் இறந்த பிறகு அந்த அம்மா ஊரை விட்டே போயிட்டாங்கன்னு இவர் வந்து சொன்னாராம். பெயரை எடுத்துட்டு அந்தப் பங்கையும் இவருக்கே மாத்திட்டாங்க. எனக்கு முன்னாடி நடந்தது."

"போறதுக்கு முன்னாடி இந்த மதகை யார் தூர் வாருவாங்க?"

"அந்த அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும்தான்னு சொல்வாங்க."

மாப்பிள்ளை விசிலடிக்கப் போனார். என்னைப் பார்த்து உதட்டை மூடிக்கொண்டார்.

கீழ்வயல்காரர் மோட்டார் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து குழாய்க்கு ரப்பர் வளையம் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "அவன் அனுப்பின ஆளா?" என்றார்.

"உங்க மோட்டாரை ஓடையில எறியணும்னு சொல்றார்" என்றார் மாப்பிள்ளை.

"எறியட்டும். எடுத்துக் கரையில வெச்சா அவன் வாய்க்காலுக்கு நேராத்தான் வைப்பேன்."

"ஞாயிற்றுக்கிழமை இங்கதானே இருந்தீங்க?" என்றேன். "மதகுப் பக்கம் யாரையாவது பார்த்தீங்களா?"

"புதுசா யாரும் வரலை."

"பழசா?" என்றார் மாப்பிள்ளை.

கீழ்வயல்காரரின் கத்தரிக்கோல் நின்றது. நான் விடவில்லை. "அவரோட அண்ணி எந்த ஊருக்குப் போயிட்டாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. "ஊரா? விசாரணை ஆபீஸுக்கு எதிர்ல லாட்ஜ் இருக்குல்ல? அதுல பின்கட்டுல துணி துவைக்கிறாங்க. ரோட்டைத் தாண்டினா போதும். அதுதான் அவன் சொன்ன வெளியூர்."

"ஞாயிற்றுக்கிழமை வந்தாங்களா?"

அவர் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார். கொட்டகை அதிர்ந்தது. தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார். அந்தச் சத்தத்தைவிடத் தெளிவான பதிலை நான் இதுவரை வாங்கியதில்லை.

லாட்ஜின் துணி துவைக்கும் அறையில் ஜன்னல் இல்லை. இரண்டு எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிமெண்ட் தொட்டியின் குழாய் மூடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண், முழங்கை வரை நனைந்து, படுக்கை விரிப்பு ஒன்றை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். மேட்டுவயல்காரரின் அண்ணி.

"சேத்தை அழகாப் போட்டிருந்தீங்க" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. விரிப்பை உதறினார். "அவர் கண்டுபிடிக்கலை இல்ல? ஆள் வெச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்கார்."

"அவருக்கு இன்னும் தெரியாது."

"சொல்லுங்க. பட்டப்பகல்ல, ரெண்டு மைல் நடந்துபோய், என் மண்வெட்டியால செஞ்சேன். நாலு பேர் பார்த்தாங்க. ஒருத்தர் சாப்பிட்டியான்னுகூடக் கேட்டார். இருபது வருஷம் அங்கதான நின்னேன், யாருக்கும் அதிசயமாத் தெரியலை."

"எதுக்குச் செஞ்சீங்க?"

"என் கொய்யா மரம் ஒண்ணொண்ணா காய்ஞ்சுது. எங்க வீட்டுக்காரர் நட்டது. ஒரு ராத்திரி மட்டும் மதகைத் திறந்துவிடுங்க தம்பின்னு அவர்கிட்ட கேட்டேன். வரப்புல நின்னு பல்லைக் குத்திக்கிட்டே, ஆபீஸ்ல நீங்க ஊர்லயே இல்லை அண்ணி, இல்லாதவங்களுக்கு எப்படித் தண்ணி விடுறதுன்னார்." குழாயைக் காட்டினார். "இப்ப பாருங்க, நாள் முழுக்கத் தண்ணி. எதுவும் முளைக்காது."

"அதனால அவர் வாய்க்காலை மூட வைக்கணும்னு."

"ஆமா. அவர் சோளம் நின்ன இடத்துலயே காயணும். அதை அவர் தினமும் காலையில எழுந்து பார்க்கணும். வேற ஆசை எனக்கு இல்லை."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "வலது கரையையும் வெட்டியிருந்தா வழக்கு இன்னும் பலமா இருந்திருக்குமே?"

"அது அடுத்த வருஷத்து முறை" என்றார், என்னைப் புத்தி கெட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்து. "ரெண்டையும் வெட்டினா அதுங்க எங்க போகும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வழக்கு என்ன என்பதே அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

"அம்மா, இடது கரையில நீர்நாய் வளை இருந்தது. அதனால முறையை மாத்தியிருந்தாங்க. ரெண்டு குட்டி செத்துடுச்சு."

அவர் கையிலிருந்த விரிப்பு தொட்டிக்குள் சரிந்தது. குழாயை மூடினார்.

"யாருமே சொல்லலையே" என்றார்.

"கூட்டத்துல சொன்னாங்க."

"என்னைத்தான் கூட்டத்துல இருந்து எடுத்துட்டாங்களே."

தாய் என்ன ஆயிற்று என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தலையை ஆட்டினார். பிறகு அவர் முகத்தில் வந்தது அழுகை இல்லை. முன்பு இருந்த கோபம் சின்னது என்று சொல்லும்படி ஒன்று வந்தது. "அதுவும் அவர் கணக்குலதான் சேரும்" என்றார்.

அது எந்த அளவுக்கு உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. மண்வெட்டி இந்த அம்மாவின் கையில்தான் இருந்தது.

ரோட்டைத் தாண்டி அலுவலகத்துக்குப் போனோம். தாழ்வாரத்தில் மேட்டுவயல்காரர் நடந்துகொண்டிருந்தார். ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆள் கிடைச்சாச்சு. கீழ்வயல்காரர் இல்லை."

"பின்ன?"

"சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. பெயரைச் சொல்லாம விட்டா உங்களுக்கு ஒரு பருவத்துத் தண்ணி போகும். ஒரு சோளம். சொன்னா, அந்த ஆளுக்கு வளை இருந்தது ஏன் தெரியலைன்னு கேட்பாங்க. அதுக்குப் பதில் வந்தா உங்க பங்கே போகும். மொத்தமா."

அவர் மூளை வேகமாக வேலை செய்வதைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அண்ணியா?" என்றார். அந்த வார்த்தையோடு அவர் முகமே மாறிவிட்டது. கீழ்வயல்காரர்மேல் இருந்த பகையெல்லாம் பழைய சட்டை போலக் கழன்று விழுந்தது.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றேன்.

"சோறு போட்ட குடும்பத்துக்கே குழி வெட்டியிருக்காங்க. விடுவேனா?"

"சார், அந்தக் குழியில நீங்களும்தான் விழுவீங்க" என்றார் மாப்பிள்ளை. "மாமா இவ்வளவு தெளிவா யாருக்கும் சொல்லி நான் பார்த்ததே இல்லை. என் கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கே சொல்லலை."

உள்ளே கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா. மேசையில் செத்த குட்டிகளின் படம். மேட்டுவயல்காரர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். "என் அண்ணிதான் பண்ணினாங்க. எதிர்த்த லாட்ஜுல இருக்காங்க. இப்பவே கூட்டிட்டு வந்து கேளுங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "உங்க அண்ணி ஊர்ல இல்லைன்னு நீங்க சொல்லித்தானே அவங்க பங்கை உங்களுக்கு மாத்தினோம்?"

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அந்தக் கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அண்ணியை அழைத்துவர ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அவரே வந்து வாசலில் நின்றிருந்தார், ஈர முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார். குட்டிகளுக்கும் ஆமாம் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தது, மனிதர்களைப் பார்த்து வரவில்லை.

அதிகாரி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லி வாங்கிய பங்கு செல்லாது. மேட்டுவயல்காரரின் பங்கு முழுதும் ரத்து. மதகு இன்றே மூடப்படும். வளையை அழித்ததற்கு அண்ணியின் மேல் தனி வழக்கு. அது இருக்கும் வரை அவர் பங்கும் திரும்பாது. அந்தத் தண்ணீர் யாருக்கும் இல்லை. ஓடையிலேயே ஓடும்.

"அப்போ சோளம்?" என்றார் மேட்டுவயல்காரர்.

அண்ணி அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். "காயுமா?"

"தண்ணி இல்லைன்னா காயும்மா."

"சரி" என்றார். கையெழுத்துப் போடக் குனிந்தார். விரல் நனைந்திருந்ததால் காகிதம் கிழிந்தது. இன்னொரு காகிதம் கொடுத்தார்கள்.

நான் வெளியே வந்தேன். பைனாகுலர் பின்னாலேயே ஓடிவந்தார். முகம் பூரித்திருந்தது. "சார், ரொம்ப நன்றி. பொய்க்கும் தண்டனை கிடைச்சது, குட்டிகளுக்கும் நியாயம் கிடைச்சது. ஓடையில தண்ணியும் கூடும். தாய் நீர்நாய் திரும்பி வந்தாலும் வரும். சட்டம் சரியா வேலை செஞ்சிருக்கு இல்ல?"

"அந்த நாணலை இனி யார் வெட்டுவாங்க?" என்றேன்.

"எதுக்கு வெட்டணும்? மதகுதான் மூடியாச்சே."

"ரெண்டு கரையும் மண்டிப்போய், மழையில தண்ணி ஏறி, அது வந்து போடுற புது வளைக்குள்ள போனா?"

"அதுக்கு ஒரு விதி போடலாம் சார். நீங்களே சொல்லுங்க, வேற என்ன தீர்ப்பு சொல்லியிருக்க முடியும்?"

"எனக்குத் தெரியாது தம்பி. ஆனா இது இல்லை."

மாப்பிள்ளை கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "மாமா, நாம ஜெயிச்சோமா, தோத்தோமா? வீட்டுல கேட்டா என்ன சொல்றது?"

"நீங்க காரை எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, வெயிலில் கடைத்தெருப் பக்கமாக நடந்தேன். பின்னால் காவலர் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை.